குஷாலா டாவோராவின் காற்று: வேட்டை விளையாட்டில் கட்டுப்பாடு பறிபோவது குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

மிருகங்களை வேட்டையாடும் மான்ஸ்டர் ஹன்டர் என்ற வீடியோ விளையாட்டுத் தொடரை நெடுநாளாக ஆடிவருபவர்களிடம் எந்த மிருகம் மிகக் கடினமானது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயரைச் சொல்வார்கள். எந்த மிருகத்தோடு மோதும்போது கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகத் தோன்றுகிறது என்று கேட்டால், 2018 ஜனவரியில் வெளியான 'மான்ஸ்டர் ஹன்டர்: வேர்ல்ட்' ஆடியவர்களில் பலரும் தயங்காமல் குஷாலா டாவோரா என்பார்கள். அந்த விளையாட்டில் அதைவிட வலுவாக அடிக்கும் மிருகங்கள் உண்டு. நெர்கிகான்ட்டே என்ற மிருகம் பாய்ந்து விழும் ஒரே அடியில் வேட்டைக்காரரின் உயிர்ப்பட்டையை (திரையில் மீதி உயிரைக் காட்டும் பட்டை) முழுவதுமாகத் துடைத்துவிடக்கூடும். ஆனாலும் நெர்கிகான்ட்டேயிடம் தோற்றவர் தன் தவறு எதுவென்று தெரிந்துகொண்டு மறுபடியும் கிளம்புகிறார். குஷாலாவிடம் தோற்றவரோ மனம் கசந்து திரும்புகிறார். அடி விழுவதற்கு முன்பே தன் பாத்திரம் தன் கையைவிட்டுப் போய்விட்டது என்பதுதான் அந்தக் கசப்பின் காரணம். கட்டுப்பாட்டை இழப்பது எப்போது பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இருக்கிறது, எப்போது பொறுக்க முடியாததாக மாறுகிறது என்பதை இந்த ஒரு மிருகத்தையும், அது தோன்றிய இரண்டு விளையாட்டுகளையும் வைத்து இங்கே ஆராய்கிறேன்.

குஷாலா டாவோரா எஃகுத் தோல் போர்த்த டிராகன். 2006-இல் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த இரண்டாம் மான்ஸ்டர் ஹன்டரில் அது முதன்முதலாகத் தோன்றியது. அதன் உலோகத் தோல் காலப்போக்கில் துருவேறும் என்பதும், துருவேறிய தோலை அது உரித்துவிடும் என்பதும் அதன் கதை. தொடரின் சில பதிப்புகளில் அந்தத் துருவேறிய உருவத்தையே தனியாக வேட்டையாட வேண்டியிருக்கும். உருவமைப்பில் இந்தத் தொடர் படைத்த அழகான மிருகங்களுள் ஒன்று என்றே அதைச் சொல்வேன். 'வேர்ல்ட்' கதையில் நெர்கிகான்ட்டேவுக்குப் பிறகு டியோஸ்ட்ரா, வால் ஹஸாக் ஆகியவற்றோடு சேர்த்து வேட்டையாட வேண்டிய மூன்று மூத்த டிராகன்களில் அது ஒன்று. ஆகவே கதையை முடிக்க விரும்பும் எவரும் அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது.

வேட்டையின் போக்கு

வேட்டையின் விதிகள் எளியவை. வழக்கமான வேட்டைக்கு 50 நிமிடங்கள் தரப்படும். வேட்டைக்காரர் மூன்று முறை மயங்கி விழுந்தால் வேட்டை தோல்வியில் முடியும். நான்கு பேர் சேர்ந்து போனாலும் மயக்கக் கணக்கு நால்வருக்கும் பொதுவானது. மயங்கியவரைப் பூனைகள் தள்ளுவண்டியில் வைத்து முகாமில் கொண்டுவந்து கொட்டும். ஆடுபவர்கள் மயங்கி விழுவதைக் 'கார்ட் ஆவது' என்று சொல்வது இந்த வண்டியை வைத்துத்தான்.

டூயல் பிளேட்ஸ் என்ற இரட்டை வாள்களை ஏந்திய ஒருவர் குஷாலாவை நெருங்குவதாக வைத்துக்கொள்வோம். அவருடைய ஆயுதத்துக்கு நீளம் குறைவு. மிருகத்தின் முன்னங்கால்களுக்கு அருகில் நின்றால்தான் வெட்டு படும். ஆனால் குஷாலாவின் உடலைச் சுற்றிக் காற்று சுழன்றுகொண்டிருக்கிறது. அருகே போன மறுகணமே வேட்டைக்காரர் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு தள்ளாடுகிறார். அவர் செய்ய நினைத்த வெட்டு பாதியில் அறுந்துபோகிறது. தள்ளாட்டம் தீர்ந்து மீண்டும் வெட்டத் தொடங்கும்போது மிருகம் சினமேறிக் கர்ஜிக்கிறது. இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு அவர் குனிந்து நிற்கிறார். கை காதிலிருந்து இறங்குவதற்குள் குஷாலா மேலெழுந்து காற்றுக் குண்டை உமிழ்கிறது. விழுந்து எழுந்தால் எதிரே நகராமல் நிற்கும் சூறாவளி மிருகத்திடம் போகும் வழியை மறிக்கிறது. இன்னும் ஓர் அடி பட்டதும் தலையைச் சுற்றி நட்சத்திரங்கள் பறக்க அவர் கிறங்கி நிற்கிறார். பட்ட காலிலேயே படும் என்பது போல, கிறங்கி நிற்பவர் மீதுதான் அடுத்த பாய்ச்சல் வந்து விழுகிறது.

இந்த நிகழ்வில் அவருடைய உயிர்ப்பட்டையைக் குறைத்தவை காற்றுக் குண்டும், அதைத் தொடர்ந்த அடிகளும் மட்டுமே. ஆனால் வேட்டை முடிந்தபின் அவர் நினைவில் நிற்பவை அவை அல்ல. தள்ளாடியது, காதைப் பொத்தியது, கிறங்கி நின்றது என்று பொத்தான்களை எவ்வளவு அழுத்தியும் திரையில் எதுவும் நடக்காத அந்த நொடிகளே நினைவில் நிற்கின்றன. தன் வேட்டைக்காரர் அடி வாங்கப் போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்தும் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்த நிலைதான் அவரை வாட்டுகிறது.

எல்லா இழப்பும் ஒன்றல்ல

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்துக் காட்ட வேண்டும். மான்ஸ்டர் ஹன்டர் தொடக்கத்திலிருந்தே, அதாவது 2004-இன் முதல் பதிப்பிலிருந்தே, ஆடுபவரின் கட்டுப்பாட்டைத் தாராளமாகப் பறிக்கும் விளையாட்டு. கிரேட் சோர்டு என்ற பெரிய வாளை ஓங்கிவிட்டால் அது இறங்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். மருந்தைக் குடிக்கத் தொடங்கினால் அது தீரும்வரை ஓட முடியாது. மற்ற அதிரடி விளையாட்டுகளிலிருந்து வருபவர்கள் முதல் வாரம் முழுவதும் இதைக் குறையாகச் சொல்வார்கள். பழகிய பிறகு இதுவே இந்தத் தொடரின் சுவை என்று புரிந்துகொள்வார்கள். ஏனென்றால் அந்த நொடியை அவர்களே விட்டுக்கொடுத்தார்கள். எப்போது ஓங்குவது, எப்போது குடிப்பது என்ற முடிவு அவர்களுடையது, விளைவும் அவர்களுடையது.

மிருகம் வலிந்து பறிக்கும் கட்டுப்பாட்டிலும் படிகள் இருக்கின்றன. கிறங்கி நிற்கும்போது இடது ஸ்டிக்கை வேகமாக ஆட்டி, பொத்தான்களைத் தொடர்ந்து அழுத்தினால் கிறக்கம் சீக்கிரம் தெளியும். மிகச் சிறிய வசதிதான். ஆனாலும் கைக்கு ஒரு வேலை கிடைப்பதால் அந்த நேரம் வெறுமையாகக் கழிவதில்லை. அடியைத் தப்பிவிட்டால் அதைத் தன் முயற்சியின் பலனாக ஆடுபவர் உணர்கிறார். மிருகம் ஒருவரைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொள்ளும்போது தோழர் ஒருவர் சாணக் குண்டை வீசினால் பிடி தளர்ந்துவிடும். கட்டுப்பாடு இழந்தவரை மற்றவர் மீட்கும் அந்தக் கணம், கூட்டு வேட்டையில் நெகிழ்ச்சியான கணங்களில் ஒன்று.

கர்ஜனை இன்னும் சற்று நுட்பமானது. காதைப் பொத்திய பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் பொத்துவதற்கு முன்பு செய்ய எவ்வளவோ இருக்கிறது. மிருகம் வேட்டைக்காரரை முதன்முதலாகக் காணும்போதும், சினம் ஏறும்போதும் கர்ஜிக்கும் என்பதை ஆடுபவர்கள் விரைவிலேயே தெரிந்துகொள்கிறார்கள். தலையைப் பின்னுக்கு இழுத்து நெஞ்சை நிமிர்த்தும் அசைவு முன்னறிவிப்பாகக் கிடைக்கிறது. லான்ஸ் என்ற ஈட்டியை வைத்திருப்பவர் கேடயத்தை உயர்த்தித் தடுக்கலாம். சரியான நொடியில் உருண்டு கர்ஜனையைக் கடக்கலாம். 'வேர்ல்ட்' கொண்டுவந்த தோள் இடியால் கிரேட் சோர்டுக்காரர் கர்ஜனையைத் தாங்கிக்கொண்டே அடுத்த ஓங்கலுக்குப் போகலாம். லாங் சோர்டு என்ற நீள்வாள் ஏந்தியவர் முன்னுணர்ந்து பின்வாங்கி வெட்டும் அடியில் அதைத் தாண்டிவிடலாம். இவற்றில் தேர்ச்சி பெற்றவருக்குக் கர்ஜனை தடை என்ற நிலையிலிருந்து மாறி, எதிர்பார்த்துக் காத்திருக்கும் வாய்ப்பாகிவிடுகிறது. கண்ணில்லாத வெளிறிய மிருகமான கேஸுவின் கர்ஜனையைப் பழைய பதிப்புகளில் எவ்வளவு வெறுத்தாலும், அதை உருண்டு கடந்த முதல் நாளை அந்தக் கால ஆட்டக்காரர்கள் இன்றும் மகிழ்ச்சியோடு சொல்வதற்குக் காரணம் இதுதான்.

குஷாலாவின் காற்று இந்த வரிசையில் எங்கும் சேரவில்லை. கர்ஜனை ஒரு நிகழ்ச்சி. அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. உடலைச் சுற்றிய காற்று ஒரு நிலை. அது எப்போதும் இருக்கிறது. ஓயாத காற்றை எந்த நொடியில் உருண்டு கடப்பது? முன்னறிவிப்பும் இல்லை, நேரம் பார்த்துத் தப்பும் வழியும் இல்லை, தள்ளாடும்போது கைக்கு வேலையும் இல்லை. முன்னும் பின்னும் முடிவெடுக்கும் உரிமை இரண்டும் ஒரேயடியாகப் பறிபோகின்றன. வில்லும் துப்பாக்கியும் ஏந்தித் தொலைவில் நிற்பவரை இந்தக் காற்று அவ்வளவாகத் தொடுவதில்லை என்பது அநீதியை இன்னும் கூட்டுகிறது. 14 வகை ஆயுதங்களில் எதை விரும்பினாலும் அதை வைத்து வேட்டையாடலாம் என்று உறுதி தரும் ஒரு விளையாட்டில், நெருங்கிநின்று போரிடுபவரை மட்டும் ஒரு மிருகம் தண்டிக்கிறது.

கட்டுப்பாட்டின் விலை

வடிவமைத்தவர்கள் இதற்கு விடை வைக்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது. அணியும் கவசத்தால் கிடைக்கும், காற்றைத் தாங்கும் 'விண்ட்புரூஃப்' என்ற திறன் 'வேர்ல்ட்' விளையாட்டில் ஐந்து நிலைகள் கொண்டது. உச்ச நிலையில் டிராகனின் காற்றும் அசைக்காது. குஷாலாவை நஞ்சுக்கு உள்ளாக்கினால் காற்று அடங்கும். இது தொடரில் பல ஆண்டுகளாக இருந்துவரும் ஒரு நுட்பம். பறக்கும்போது கண்முன் வெளிச்சக் குண்டை வெடித்தால் அது தரையில் விழும். ராக்ஸ்டெடி மேன்டில் என்ற மேலங்கியைப் போர்த்துக்கொண்டால் கர்ஜனை, காற்று, நில அதிர்வு எதுவும் சிறிது நேரத்துக்கு அசைக்காது. வேட்டையின் நடுவிலேயே முகாமின் கூடாரத்துக்குள் போய் ஆயுதத்தையும் கவசத்தையும் மாற்றிக்கொள்ளும் வசதியும் 'வேர்ல்ட்' தந்ததுதான்.

இத்தனை விடைகள் இருந்தும் எரிச்சல் தீராதது ஏன்? என் கணிப்பில், விடைகளில் பெரும்பாலானவை போர்க்களத்துக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கின்றன. விண்ட்புரூஃப் ஐந்து நிலைகளை நிரப்ப வேண்டுமென்றால் அந்த இடங்களில் இருக்கக்கூடிய தாக்கும் திறன்களைக் கைவிட வேண்டும். கர்ஜனையைத் தடுக்கும் இயர்பிளக்ஸ் திறனும் ஐந்து நிலைகள் கேட்கிறது. கிறக்கத்தைத் தடுக்கும் திறன் மூன்று நிலைகள் கேட்கிறது. எல்லாவற்றையும் சேர்த்தால் அசையாமல் நிற்கலாம், ஆனால் அடி வலுவிழந்துபோகும். பழைய பதிப்புகளிலும் இதே கணக்குதான்: கேள்திறன் புள்ளிகள் 10 சேர்ந்தால் சாதாரண இயர்பிளக்ஸ், 15 சேர்ந்தால்தான் பெருங்கர்ஜனையைத் தாங்கும் உயர்நிலை இயர்பிளக்ஸ். கட்டுப்பாடு என்பது இந்தத் தொடரில் விலைகொடுத்து வாங்கும் பண்டம்.

இந்த விலை யாருக்குக் கட்டுபடியாகிறது என்று பார்த்தால் சிக்கல் விளங்கும். நூறு வேட்டைகள் கண்டவரிடம் விதவிதமான கவசங்களும் அவற்றில் பதிக்கும் திறன் மணிகளும் குவிந்திருக்கும்; ஆனால் அவருக்கோ மிருகத்தின் அசைவுகள் அனைத்தும் மனப்பாடம், கவசத்தின் உதவி பெரிதாகத் தேவையில்லை. குஷாலாவை முதல் முறை சந்திப்பவருக்குத்தான் அந்தத் திறன்கள் மிகவும் தேவை. அவரிடம் அவை இல்லை. 'வேர்ல்ட்' விளையாட்டில் திறன் மணிகள் அதிர்ஷ்டத்தால் கிடைப்பவை என்பதால், வேண்டியதைத் தேடிச் செய்துகொள்ளவும் முடியாது. குஷாலாவின் கவசத்தில் மூன்று துண்டுகளை அணிந்தால் காற்று முழுவதும் செயலிழக்கும் என்பது விளையாட்டிலேயே இருக்கிறது. ஆனால் அந்தக் கவசத்தைச் செய்யக் குஷாலாவை வென்றிருக்க வேண்டும். பசித்தவருக்குச் சாப்பிட்ட பிறகுதான் சோறு என்று சொல்வதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

வெளிச்சக் குண்டின் கதையும் கவனிக்கத்தக்கது. குஷாலா பறக்கும் ஒவ்வொரு முறையும் குண்டை வெடித்துக் கீழே தள்ளுவதே பலருடைய வழக்கமாகியிருந்தது. 2019 செப்டம்பரில் வந்த 'ஐஸ்போர்ன்' விரிவாக்கத்தின் மாஸ்டர் நிலை என்ற மிகக் கடினமான வேட்டைகளில், சில முறைக்குப் பிறகு மிருகங்களுக்கு வெளிச்சம் பழகிவிடும்படி மாற்றினார்கள். வடிவமைப்பாளர் கண்ணோட்டத்தில் அந்த மாற்றத்தின் நோக்கம் எனக்குப் புரிகிறது: ஒரே தந்திரத்தால் எல்லாச் சண்டைகளும் முடியக்கூடாது. ஆனால் மக்கள் அந்தத் தந்திரத்தில் ஏன் அப்படித் தொற்றிக்கொண்டார்கள் என்ற கேள்விக்கு அது விடை சொல்லவில்லை. தங்கள் கையைவிட்டுப் போன ஆட்டத்தைத் திரும்பப் பிடிக்க அவர்களுக்குக் களத்திலேயே எளிதாகக் கிடைத்த கயிறு அதுவாக இருந்தது.

தோழர்களால் பறிபோகும் கட்டுப்பாடு குறித்தும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். லாங் சோர்டின் அகன்ற வீச்சு பக்கத்தில் நிற்கும் தோழரை இடறி அவர் தாக்குதலைக் கலைத்துவிடும். அதைத் தடுக்க ஃபிளின்ச் ஃப்ரீ என்ற திறன் ஒரே நிலை போதும். ஹாமர் ஏந்தியவர் தலைக்கும் லாங் சோர்டுக்காரர் வாலுக்கும் போவது என்ற எழுதப்படாத வழக்கமும் இதனால்தான் உருவானது. இங்கே எரிச்சல் எளிதில் தணிகிறது, ஏனென்றால் விலை குறைவு, பேசித் தீர்த்துக்கொள்ளவும் முடிகிறது.

2021: அதே மிருகம், வேறு களம்

2021 மார்ச் மாதம் வெளிவந்த 'மான்ஸ்டர் ஹன்டர் ரைஸ்' விளையாட்டில், ஏப்ரல் மாதப் புதுப்பிப்போடு டியோஸ்ட்ரா, கமிலியோஸ் ஆகியவற்றுடன் குஷாலா டாவோரா மீண்டும் வந்தது. மிருகத்தின் இயல்பு மாறவில்லை. மாறியது வேட்டைக்காரரின் கையில் இருந்த கருவி. 'ரைஸ்' ஒவ்வொருவருக்கும் வழக்கமாக இரண்டு வயர்பக் பூச்சிகளைத் தருகிறது. களத்தில் கிடைப்பதைப் பிடித்தால் சிறிது நேரத்துக்கு மூன்றாவதும் சேரும். அவற்றின் இழையைப் பற்றிக்கொண்டு தாவலாம், ஆயுதத்தின் சிறப்புத் தாக்குதல்களைச் செய்யலாம், அடிபட்டுத் தூக்கியெறியப்படும் கணத்தில் இழையை வீசி வேறு திசைக்குத் தப்பலாம். கடைசியாகச் சொன்னதுதான் வயர்ஃபால்.

இந்த ஆய்வுக்கு வயர்ஃபால் மிக முக்கியமானது, ஏனென்றால் கட்டுப்பாட்டின் விலையை அது கவசப் பெட்டியிலிருந்து எடுத்துப் போர்க்களத்தில் வைத்தது. தாக்குவதற்கும் தப்புவதற்கும் அதே பூச்சிகள்தான். இரண்டையும் தாக்குதலில் செலவழித்துவிட்டு நிற்பவர், அடுத்த அடி விழுந்தால் எழும்வரை தரையில் கிடக்க வேண்டியதுதான் என்று தெரிந்தே செலவழிக்கிறார். பிறகு அடி விழுந்து உருண்டாலும் அவர் மனம் கசப்பதில்லை. கணக்கு அவர் போட்டது. முதல் முறை வருபவருக்கும் நூறாவது முறை வருபவருக்கும் பூச்சிகள் இரண்டே என்பதால் அனுபவமில்லாதவரும் வெறுங்கையோடு நிற்பதில்லை.

அதைவிட நுட்பமான ஒன்றையும் வயர்ஃபால் கற்றுத்தந்தது. விழுந்து கிடக்கும் வேட்டைக்காரர் மீது பொதுவாக அடி படுவதில்லை. துள்ளியெழுந்தவர் மீதுதான் படும். மிருகத்தின் தாக்குதல் தொடர் முடியாதபோது அவசரப்பட்டு இழையை வீசுபவர் நேரே அடுத்த அடிக்குள் போய் விழுகிறார். ஆகவே தேர்ந்தவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் அறிவுரைகளில் ஒன்று, எப்போது கீழேயே கிடப்பது என்று தெரிந்துகொள் என்பது. அசையாமல் கிடப்பதும் இங்கே ஒரு தேர்வாகிவிட்டது. 'வேர்ல்ட்' விளையாட்டில் அதே இரண்டு நொடி கிடந்தவர் தவித்தார். 'ரைஸ்' விளையாட்டில் கிடப்பவர் மிருகத்தின் அசைவைக் கவனித்தபடி காத்திருக்கிறார். திரையில் தெரியும் படம் ஏறக்குறைய ஒன்றுதான்.

காற்றுத் தள்ளாட்டம் என்ற மூலச் சிக்கலை 'ரைஸ்' தீர்த்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வயர்ஃபால் தூக்கியெறியப்பட்டவருக்கு உதவுகிறது. முகத்தை மறைத்துத் தள்ளாடுபவருக்கு அது கைகொடுப்பதில்லை. ஆயினும் அந்தத் தள்ளாட்டத்தைத் தொடர்ந்து விழும் அடிகளின் சங்கிலியை நடுவில் அறுக்க முடிகிறது. குஷாலாவின் மீதிருந்த பழைய வெறுப்பு 'ரைஸ்' காலத்தில் வெகுவாகத் தணிந்ததற்கு இந்தச் சங்கிலி அறுந்ததே காரணம் என்று நினைக்கிறேன். ஆடுபவர்களின் கோபம் ஒற்றைத் தள்ளாட்டத்தின் மீது இருந்ததில்லை. ஒன்றன்பின் ஒன்றாக நேர்ந்து, முடிவு எங்கே என்று தெரியாமல் நீண்ட அந்தக் கையறு நிலையின் மீதுதான் இருந்தது.

2025 பிப்ரவரி 28 அன்று வெளியான 'மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ்' இதே திசையில் இன்னும் தள்ளிப் போயிருக்கிறது. விழுந்து கிடக்கும்போதே சவாரி விலங்கான செய்க்ரெட்டை அழைத்தால் அது ஓடிவந்து வேட்டைக்காரரைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அழைப்பதற்குப் பூச்சிக் கணக்கு போல ஒரு செலவு கிடையாது. இது வரவேற்கத்தக்கதா என்று என்னால் முழு மனதோடு சொல்ல முடியவில்லை. புதியவர்களுக்கு அது பெரிய ஆறுதல் என்பதில் ஐயமில்லை. கைகளால் விரைந்து செயல்பட இயலாதவர்களுக்கும் இந்த விளையாட்டின் கதவு இன்னும் அகலமாகத் திறந்திருக்கிறது. ஆனால் செலவில்லாத மீட்பு, அடி படுவதன் அச்சத்தையும் சேர்த்தே கரைத்துவிடுகிறது. கர்ஜனையை உருண்டு கடந்தவர் அடைந்த மகிழ்ச்சி, கடக்காவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சத்தின் மறுபக்கம்தான்.

குஷாலா அடுத்து எந்தப் பதிப்பில் திரும்பினாலும் அதன் காற்றை நீக்கிவிட வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். காற்று இல்லாத குஷாலா வெறும் எஃகுப் பல்லி. அந்தக் காற்று ஓயாமல் வீசுவதற்குப் பதிலாக மூச்சு வாங்குவது போல ஏறியும் இறங்கியும் வரட்டும். ஏறுவதற்கு முன் சிறகு விரியட்டும், காலடிப் புழுதி உள்நோக்கி இழுபடட்டும். டூயல் பிளேட்ஸ் ஏந்தியவர் அந்தப் புழுதியைப் பார்த்து இரண்டு அடி பின்வாங்குவதா, இன்னும் ஒரு வெட்டுக்குத் துணிவதா என்று தானே முடிவெடுக்கட்டும்.